அப்பாவுக்கு மடித்த வெற்றிலை

தியாகதுருகம்
2-10-2023

செல்விக்கு,

அக்கா கொளஞ்சி எழுதுவது. அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது. பத்தாவதோடு நின்றவள் கடிதம், நர்ஸம்மா தப்புக் கண்டுபிடிக்காமல் படிக்கவும்.

உன் நம்பர் என் போனுக்கு வராதபடி பண்ணி வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், பக்கத்தில் பையன் பிரவீன்குமார் இருக்கிறான். உனக்கும் அந்த மலையில் டவர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கு வந்தால்தான் பேச்சு. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

சுபஸ்ரீக்குப் பதினாறாம் நாள் காரியம் போன வியாழக்கிழமை முடிந்தது. பெற்ற பெண்ணுக்கு நானே காரியம் பார்த்தேன். நீ பால் தெளித்த கையோடு பஸ் ஏறியவள்தான், எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் ஒவ்வொருத்தியும் என்னிடம் கேட்கிறாள், "தங்கச்சி நர்ஸாச்சே, அது இன்னா சொல்லிச்சி?" என்று. நீ என்ன சொன்னாய் என்று நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உன்னிடமே வரிசையாகச் சொல்கிறேன், சரிதானா என்று பார்த்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமை சுபஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொப்புளைச் சுற்றி வலி என்றாள். கடையில் எதையோ தின்றிருப்பாள் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சனிக்கிழமை வைத்த இட்லியில் ஒரு விள்ளல்கூட உள்ளே நிற்கவில்லை, எல்லாம் வாந்தி. வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது என்று கையை வைத்துக் காட்டினாள். நிமிர்ந்து நடக்க முடியாமல் வளைந்தே நடந்தாள். மறுநாள் ஞாயிறு, அப்பா தொக்கம் எடுக்கிற நாள். வேறு எங்கே போவேன்? வயிற்றில் சிக்கிக்கொண்டதைப் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி எடுக்கிறவர் என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அவர் வாசலுக்கு வரும்போது, பேத்தியை நான் வேறு ஒருத்தரிடமா காட்டுவேன்?

அன்றைக்கு வாசலில் இருபது பேர் இருந்தார்கள். குழலை அவள் தொப்புளுக்கு மேலே வைத்து மூன்று தடவை உறிஞ்சினார். தட்டில் துப்பினார். இட்லித் துண்டு ஒன்று மஞ்சளாய் விழுந்தது, எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "போச்சா கண்ணு?" என்று நான் கேட்டேன். "போச்சும்மா" என்றாள். எழுந்து நின்று காட்டினாள்.

மத்தியானம் உனக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா எடுத்துவிட்டார், வலி சட்டென்று நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரிக்கா, எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடு" என்றாய். சொன்னது அவ்வளவுதான். மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதுபோலச் சொன்னாய்.

திங்கட்கிழமை மத்தியானம் உடம்பு கொதித்தது, வயிறு பலகையாய் இருந்தது. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடல்வால் வெடித்து சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள். புதன்கிழமை போய்விட்டாள். பன்னிரண்டு வயது.

நான் படிக்காதவள், எனக்குத் தெரியவில்லை. உனக்குமா தெரியவில்லை?

அப்பா அன்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் சொல்கிறார். "நான் எடுத்துட்டேன், நோவு போச்சு. கத்தி வெச்சதுலதான் புள்ள போச்சு." அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. ஏனென்றால் இப்போது பிரவீனுக்குத் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது. சுருண்டு படுத்துக்கொள்கிறான். அந்த ஆஸ்பத்திரி வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை அப்பாவிடம் காட்டப் போகிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இருந்தால் சொல்.

கொளஞ்சி


கல்வராயன் மலை
6-10-2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. நீ எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் சொன்னது அதுதான், அந்த மாதிரித்தான் சொன்னேன்.

பிரவீனைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். வலி எந்த இடத்தில் என்று ஒரு விரலால் காட்டச் சொல். தொப்புளைச் சுற்றி என்று உள்ளங்கையால் தடவிக் காட்டினால் அவ்வளவு பயமில்லை. வெளிக்குத் தினமும் போகிறானா, இறுகிப் போகிறதா என்று கவனி. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி வயிற்று வலி அதனால்தான். ஆசனவாயில் அரிக்கிறது என்றால் பூச்சி இருக்கும், அதற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மாத்திரையே போதும். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் மட்டும் வலித்து, விளையாடும்போது மறந்துவிடுகிறதா? அப்படியானால் மனசில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறான். அக்காவைப் பறிகொடுத்த பிள்ளை. பொய் வலி என்று திட்டிவிடாதே, அவனுக்கு நிஜமாகவே வலிக்கும்.

தண்ணீர் நிறையக் கொடு. கீரை, பப்பாளி கொடு. விளக்கெண்ணெய் ஊற்றுவதோ வயிற்றை நீவுவதோ வேண்டாம். காய்ச்சல், வாந்தி, வயிறு தொட்டால் கத்துவது, நிமிர முடியாமல் நடப்பது, இதில் எது வந்தாலும் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போ. அந்த ஆஸ்பத்திரி பிடிக்கவில்லை என்றால் வேறு எங்காவது போ.

இதையெல்லாம் இங்கே மாதத்துக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறேன். சாமை வயலிலும் மரவள்ளிக் காட்டிலும் நின்றுகொண்டே சொல்வேன். உனக்கு எழுதும்போது பேனா நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை அப்பாவிடம் கொண்டுபோகாதே. இது ஒன்றை மட்டும் கேள். காரணத்தை நேரில் வந்து சொல்கிறேன். கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன், அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

செல்வி


தியாகதுருகம்
10-10-2023

செல்விக்கு,

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அப்பா" என்கிற வார்த்தை மட்டும் தெரிந்தது. மீதியை நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

உன் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. அதற்குள் ஞாயிறு போய்விட்டது, அவனை அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போயும் ஆகிவிட்டது. நடந்ததைக் கேள்.

தீட்டுக் கழிந்து அப்பா குழலை எடுத்த இரண்டாவது ஞாயிறு. கூட்டத்துக்குக் குறைவில்லை. துக்கம் விசாரிக்கிற சாக்கிலும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பிரவீனைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அப்பாவுக்கு வெற்றிலை மடிக்க நான் அடுக்களைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான். "எனக்கு வலி இல்ல, எனக்கு வலி இல்ல" என்று ஒரே கத்தல். அப்பா அவன் தோளைப் பிடித்து அழுத்தினார், அவர் கையைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்துவிட்டது. கூட்டத்தில் பக்கத்து வீட்டு ஜெயம்மாள்தான் முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா முகம் செத்துப்போனது. "என் வூட்டுப் புள்ளைக்கே என் கை மேல நம்பிக்க இல்லன்னா, ஊரான் எப்பிடி நம்புவான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அன்றிலிருந்து வயிறு வலி என்று அவன் சொல்வதில்லை. சொல்லாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. உன் கேள்விக்குப் பதில்: வெளிக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. உள்ளங்கையால்தான் தடவிக் காட்டினான். விளையாடுவதே இல்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். அரிப்பு இல்லை. உன் மாமா லாரி எடுத்துக்கொண்டு ஆந்திரா பக்கம் போனவர், போனில்கூட ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இந்த வீட்டில் நானும் அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அதைக் கொடு, இதைக் கொடு, அப்பாவிடம் போகாதே என்று உத்தரவு போடுகிறாய். ஏன் போகக் கூடாது? அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு? நேரில் வந்து சொல்வாளாம். நீ நேரில் வந்தபோதும் மூலையில்தானே நின்றாய். ஒரு மாசம் ஆகப் போகிறது. காரணத்தை எழுது, இல்லையென்றால் இனி எழுதாதே.

கொளஞ்சி


கல்வராயன் மலை
14-10-2023

அக்கா,

எழுதுகிறேன். இன்றைக்குக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று தபால்காரரை டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா டி.பி. ஆஸ்பத்திரியில் இருந்தாள். நீ கரும்பு வெட்டப் போகிறவர்களோடு போய்விடுவாய். ஞாயிறும் செவ்வாயும் அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. முதல் நாளே அப்பா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கற்பூரம் ஏற்றி, அதை என் உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். உயிர் போனாலும் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம். அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வருகிறவர்கள் என்ன தின்றார்கள் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு வர வேண்டும். கோழி என்றால் கோழித் தோல், இட்லி என்றால் இட்லி, பழம் என்றால் பழத்தோல். சுண்டு விரல் நகம் அளவுக்குக் கிள்ளி, மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, வெற்றிலைக்குள் வைத்து மடித்துக் கொடுக்க வேண்டும். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். குழலில் உறிஞ்சிவிட்டு அந்தத் துண்டைத் துப்புவார். அக்கா, எந்த வயிற்றிலிருந்தும் எதுவும் வந்ததில்லை. எட்டு வருஷம் நான்தான் மடித்தேன். ஒரு தடவை, "பொய்யாப்பா?" என்று கேட்டேன். "கண்ணால பாத்தாத்தான்டி வயிறு ஒத்துக்கும்" என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நர்சிங் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து வயிற்று வலியில் எட்டு, யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். வாயு, செரியாதது, மலச்சிக்கல், கொஞ்சம் பேதி. அந்த எட்டுதான் அப்பாவின் கைராசி. மீதி இரண்டு பேர் திரும்பி அவர் வாசலுக்கு வருவதில்லை, அவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டதும் இல்லை.

நீ போன் செய்த அன்று நான் வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தேன். கூட்டமும் இரைச்சலுமாக இருந்தாலும் நீ சொன்னது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. தொப்புளில் ஆரம்பித்தது, வலது பக்கம் இறங்கியது, வாந்தி, பிறகு சட்டென்று நின்றது. குடல்வால் வெடித்தால் சில பேருக்கு அப்படித்தான் கொஞ்ச நேரம் வலி நிற்கும். படித்த எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இப்போதே தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்தியிருக்க வேண்டும். நீ சந்தோஷமாக இருந்தாய். அப்பா எடுத்துட்டாரு என்றாய். ஓடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய், அப்பாவின் வாயில் இருந்தது என்ன என்று நான் சொல்ல வேண்டிவரும். இருபது பேர் வாசலில் நிற்கிறார்கள். கை சுட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பிள்ளையையும் அப்பாவையும் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குக் காட்டு என்றேன்.

காரியத்துக்கு வராததும் அதனால்தான். டூட்டி காரணமில்லை. அவள் படத்துக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருப்பார், நான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உனக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் நம்பி என்னிடம் கேட்டாய். நான் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டேன். என்னை நீ என்ன திட்டினாலும் அது குறைச்சல்தான்.

பிரவீனை டாக்டரிடம் காட்டு. ஐந்து நாள் என்பது அதிகம்.

செல்வி


தியாகதுருகம்
20-10-2023

செல்வி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே.

எனக்குத் தெரியும்.

நீ படிக்கப் போன வருஷம் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கும் அதே அடுக்களை, அதே கற்பூரம். என் இடது உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது, பாத்திரம் தேய்க்கும்போது தெரியும். உனக்கு எதுவும் தெரியாது, நீ வெறும் வெற்றிலை மடித்தவள் என்றுதான் அப்பா சொன்னார். உன்னிடமும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார். பதினாறு வருஷமாக நான்தான் மடிக்கிறேன். கல்யாணம் ஆகி அடுத்த தெருவுக்கு வந்த பிறகும் ஞாயிறும் செவ்வாயும் விடியும்போதே போய்விடுவேன். ரெண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு பக்கமாக மூடி வைத்திருந்திருக்கிறோம்.

அன்றைக்கும் நான்தான் மடித்தேன். சனிக்கிழமை அவள் மீதி வைத்த இட்லியில் கிள்ளி எடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். துண்டு பொய் என்று தெரியும். ஆனால் அவர் உறிஞ்சுவது பொய் இல்லை என்று நினைத்தேன். எத்தனை ஆயிரம் பேர் அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நோவு கண்ணுக்குத் தெரியாமல் வெளியே வருகிறது, ஜனங்கள் நம்புவதற்கு ஒரு துண்டு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். நீ எட்டு ரெண்டு என்று எழுதியிருக்கிறாயே, அதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால்! நீ படித்தாய், புரிந்துகொண்டாய், மலை மேல் போய் உட்கார்ந்துகொண்டாய். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கோபம் எனக்குத் தீராது, தீர்ந்துவிட்டது என்று பொய்யும் சொல்ல மாட்டேன்.

பிரவீனுக்கும் அந்த ஞாயிறு மடித்தேன். என் பெண் போன இருபத்தாறாம் நாள் மடித்தேன் செல்வி. அவன் கத்தினதால் அது என் முந்தானையிலேயே இருந்தது.

அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை போகவில்லை, தலைவலி என்றேன். அவரே ஏதோ மடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அந்த ரெண்டு பேரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கொளஞ்சி


கல்வராயன் மலை
25-10-2023

அக்கா,

உன் கடிதம் வந்தது. அப்பா நம் இருவரையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டார் என்று கோபப்படத்தான் வருகிறது. ஆனால் ஒரு கூரைக்குக் கீழே படுத்து வளர்ந்த நாம் ஒருவர் கையை ஒருவர் பார்க்கவே இல்லையே. என் தழும்பு வலது கையில் இருக்கிறது.

நீ கேட்டது. வலி சுற்றிச் சுற்றி வந்து, காற்றுப் பிரிந்தாலோ வெளிக்குப் போனாலோ குறைகிறது என்றால் பெரும்பாலும் அது எட்டில் ஒன்று. வெந்நீர், கஞ்சி, ஓய்வு போதும். பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் உடம்பு வலி மாத்திரை போடுவார்கள், அவர்களுக்கு நெஞ்சுக்குக் கீழே எரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்பு. கறுப்பாய் வெளிக்குப் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று கூடிக்கொண்டே போகிற வலி, வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, இருமினால் குத்துகிற வலி, கூடவே காய்ச்சல், வாந்தி, வயிறு இறுகுவது. இவை அந்த இரண்டு. பிள்ளையை ஒரு குதி குதிக்கச் சொல். குதிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்தால் ஒரு நிமிஷமும் நிற்காதே. கடுமையாக இருந்த வலி காரணமில்லாமல் நின்றாலும் நம்பாதே. வயதானவர் மேல் வயிற்றில் வலி என்று வியர்த்தால் அது நெஞ்சு வலியாகவும் இருக்கலாம்.

இவ்வளவு தெரிந்தவள்தான் சரிக்கா என்றேன்.

பிரவீனை இன்னும் காட்டவில்லை என்றால் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நீ வாசலில் நிறுத்தினாலும் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு மலைக்குத் திரும்பிவிடுகிறேன்.

செல்வி


தியாகதுருகம்
7-11-2023

செல்வி,

பிரவீனைக் காட்டிவிட்டேன். அதே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன், அவன்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நீ சொன்னதுதான், மலம் இறுகிக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த டாக்டரம்மா சின்ன வயது. வயிற்றைத் தொடுவதற்கு முன்னால், "தொடட்டுமா தம்பி?" என்று அவனிடம் கேட்டாள். மருந்து கொடுத்தார்கள், ரெண்டு நாளில் சரியாகிவிட்டது. சோறு தின்கிறான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் மடியில் படுத்திருந்தான். "அம்மா, அக்கா பொய் சொல்லிச்சி" என்றான். எப்போது என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடிக்கப் போன சுபஸ்ரீ, நான் இட்லியைக் கிள்ளி வெற்றிலையில் வைக்கிறதை அடுக்களைக் கதவு இடுக்கில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வந்து பேசாமல் பாயில் படுத்திருக்கிறாள். தாத்தா துப்பினது அம்மா வைத்த இட்லி என்று அவளுக்குத் தெரியும். வலி போகவே இல்லை, செல்வி. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சாயந்திரம் இவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், "போச்சான்னு அம்மா எல்லாருக்கு முன்னாடியும் கேட்டுச்சிடா. போவலன்னு சொன்னா தாத்தாவுக்கு அசிங்கம். அம்மா அழுவும். நாளைக்கி சரியாயிடும், நீ சொல்லாத." இவன் சொல்லவில்லை. அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் ரெண்டு மாசமாய்ச் சுருண்டு படுத்திருக்கிறான்.

வலி சட்டென்று நின்றது என்று நான் உனக்குச் சொன்னது அவள் எனக்குக் கொடுத்த பொய். நாம் அப்பாவுக்காக வாயை மூடினோம், அவள் நமக்காக மூடியிருக்கிறாள். கற்பூரம்கூட ஏற்றவில்லை அவளுக்கு.

நேற்று முன்தினம் ஞாயிறு. மூன்று வாரமாகத் தலைவலி என்றே சொல்லி வந்தவள், விடிந்ததும் அப்பா வீட்டுக்குப் போனேன். தலைவலி போச்சா என்றார், போச்சு என்றேன். கூட்டம் சேர்ந்தது. மூன்றாவதாக ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், திருநாவலூர் பக்கம் கூலி வேலைக்காரர்கள், அம்மாக்காரி பெயர் சின்னப்பொண்ணு. பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும். எங்கே வலி என்றேன். வலது பக்கம் கையை வைத்தது. ஒரு குதி குதி கண்ணு என்றேன், குதிக்காமல் அழுதது. என்ன தின்றாள் என்று கேட்டேன், பரோட்டா என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போனேன். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, வெற்றிலையை மடித்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

அவர் வாயில் போட்டுக்கொண்டார். நாக்கால் தேடிப் பார்த்தது கன்னத்தில் தெரிந்தது. குழலை வைத்துவிட்டார், இருபது பேர் பார்க்கிறார்கள், நிறுத்த முடியாது. உறிஞ்சினார். ரெண்டாவது தடவை உறிஞ்சும்போது என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை உறிஞ்சிவிட்டுத் துப்பினார். தட்டில் வெற்றிலைச் சாறுதான் சிவப்பாய் விழுந்தது.

நான் சொன்னேன், "ஒண்ணும் வராதுங்க. என்னிக்கும் வந்ததில்ல. நான்தான் உள்ள வெச்சி மடிச்சிக் குடுத்துக்கினு இருந்தேன், எம் பொண்ணுக்கும் நான்தான் வெச்சேன். புள்ளைய தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, தண்ணிகூட குடுக்காதீங்க." ஷேர் ஆட்டோவை நானே கைகாட்டி நிறுத்தினேன்.

அப்பா குழலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தது. ஜெயம்மாள் அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். "ஏன்டி" என்று மட்டும் கேட்டார். சுபஸ்ரீ பார்த்ததையும் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை அவர் சாப்பிடவில்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன். எனக்கு அவர்மேல் பரிதாபமும் இருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அந்தத் திருநாவலூர்ப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியாது. அது எட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி கிடையாது. இருந்தாலும் லீவு போட்டுவிட்டு வா. வாசலில் நிறுத்த மாட்டேன். உன் நம்பரையும் திறந்துவிட்டேன்.

பிரவீன் நேற்றுக் காலை மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான், வெந்நீர் கொடுத்துவிட்டு, "போச்சா கண்ணு?" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். பல்லைக் கடித்து நிறுத்தினேன். இனி எந்தப் பிள்ளையிடமும் நான் "போச்சா" என்று கேட்க மாட்டேன், செல்வி. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "வலிக்குதும்மா" என்றான்.

கொளஞ்சி